கேரி டேவிஸ்: பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த மனிதரைப் பற்றிப் பேசலாமா?

அடிவாரம் வாத்தியார் | ஞாயிறு, காலை 6.50

சேலத்து நண்பர்களுக்கு வணக்கம். போன வாரம் பேத்திக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். இந்தியக் குடியுரிமை எப்படிக் கிடைத்தது, பிறப்பாலா, வம்சாவளியாலா, பதிவாலா என்று அதில் ஒரு கேள்வி வரும். அவள் ‘பிறப்பால்’ என்பதைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அங்கேயே மனசு நின்றுபோனது. முப்பது வருஷம் பத்தாம் வகுப்புக்கு ஐ.நா. பாடம் நடத்தியவன் நான். சபைகள், வீட்டோ, தலைமையகம் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஐ.நா. கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து நின்று கத்திய ஒருவரைப் பற்றி ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. அந்தக் குறை தீரத்தான் இந்த இழை.

அவர் பெயர் கேரி டேவிஸ். 1921இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தார். அப்பா பெரிய நடன இசைக்குழு நடத்தியவர், வசதியான வீடு. கேரி பிராட்வே நாடக மேடையில் நடிகராகத் தொடங்கியபோது போர் வந்துவிட்டது. 1943இல் அண்ணன் இருந்த போர்க்கப்பல் இத்தாலியின் சலெர்னோ அருகே மூழ்கடிக்கப்பட்டு அண்ணன் இறந்தார். கேரி பி-17 குண்டுவீச்சு விமானத்தின் ஓட்டியாக ஜெர்மனிக்கு மேலே பறந்தார். பிராண்டன்பர்க் நகரத்தின் மீது குண்டு போட்டார். எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகளைக் கொன்றிருப்பேன் என்ற கேள்வி போர் முடிந்தும் அவரை விடவில்லை. அண்ணனைக் கொன்றவர்கள் மேல் வந்த கோபத்தோடு விமானம் ஏறியவர், தானும் யாரோ ஒருவரின் அண்ணனைக் கொன்றவன் என்ற நினைப்போடு இறங்கினார். அவர் வாழ்க்கை முழுக்க இதிலிருந்துதான் புறப்படுகிறது என்று நான் நினைக்கிறேன்.

1948 மே 25. பாரிஸில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், குடியுரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, பாஸ்போர்ட்டையும் ஒப்படைத்தார். வயது 26. நாடுகள் தனித்தனி இறையாண்மையோடு படை வைத்துக்கொண்டு இருக்கும்வரை போர் நிற்காது, மக்களே தேர்ந்தெடுக்கும் ஓர் உலக அரசு வேண்டும், அதற்கு முதல் குடிமகனாக நான் இருக்கிறேன் என்றார். செப்டம்பரில் அவருடைய பிரான்ஸ் அனுமதி முடிகிற நேரம். ஐ.நா. பொதுச்சபை அப்போது பாரிஸின் ஷையோ மாளிகையில் கூடியதால் அந்த இடம் தற்காலிகமாகப் பன்னாட்டு மண் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. இவர் அதன் படிக்கட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். எந்த நாட்டிலும் நிற்க உரிமை இல்லாதவன் உலகத்தின் இடத்தில்தானே நிற்க முடியும்! போலீஸ் வந்து தூக்கியது.

நவம்பர் 19 அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து எழுந்து, பேச்சை இடைமறித்து, உலகத்துக்கு ஒரே அரசு வேண்டும் என்று முழங்கினார். காவலர்கள் வாயைப் பொத்தி இழுத்துப் போக, கூட வந்திருந்த ராபர்ட் சாராசாக் என்ற முன்னாள் பிரெஞ்சு எதிர்ப்புப் படை வீரர் மீதியைப் படித்து முடித்தார். அல்பேர் காமு, ஆந்த்ரே பிரெதோன் போன்ற எழுத்தாளர்கள் பக்கத்தில் நின்றார்கள். ஐன்ஸ்டீன் வாழ்த்து அனுப்பினார். டிசம்பரில் பாரிஸில் நடந்த கூட்டத்துக்குப் பல ஆயிரம் பேர் வந்தார்கள். அடுத்த வருஷம் அவர் தொடங்கிய உலகக் குடிமக்கள் பதிவேட்டில் ஏழரை லட்சம் பேர் பெயர் எழுதினார்கள் என்று சொல்லப்படுகிறது.

1953இல் மெய்னில் எல்ஸ்வொர்த் என்ற ஊரின் நகர மண்டபத்தில் உலகக் குடிமக்களின் அரசை அறிவித்தார். 1954இல் உலக பாஸ்போர்ட் வழங்க ஒரு அமைப்பு ஏற்படுத்தினார். 2013 ஜூலையில், 92 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது, வெர்மான்ட்டில் இறந்தார். நடுவில் பல நாடுகளில் பலமுறை சிறை.

எனக்கு இவர் மேல் மதிப்பு அதிகம். ஆனால் இவர் சொன்னது நடக்கிற காரியமா? நம் ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

---

காவிரிக்கரை | ஞாயிறு, காலை 8.15

வாத்தியார் அய்யாவுக்கு வணக்கமுங்க. நல்ல மனுஷரைப் பத்தி எழுதியிருக்கீங்க. ஆனா நான் மேட்டூர்க்காரன், எனக்கு ஒரு கேள்வி இருக்கு.

நம்ம அணை 1934ல கட்டி முடிஞ்சது. தண்ணிச் சண்டை அதுக்கு முன்னாடியே, 1892 ஒப்பந்தம், 1924 ஒப்பந்தம்னு இருக்கு. நடுவர் மன்றம் வெச்சது 1990ல. இறுதித் தீர்ப்பு 2007ல. உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி.னு முடிச்சது 2018ல. இதுக்கு நடுவுல 1991ல பெங்களூர்ல தமிழ்க் குடும்பங்க அடி வாங்கினாங்க, 2016ல பஸ்ஸை எரிச்சாங்க. எங்க சித்தப்பா குடும்பம் 91ல ஒரே ராத்திரியில கட்டின துணியோட ரயிலேறி சேலம் ஜங்ஷன்ல வந்து இறங்குச்சு. அப்போ எனக்கு ஒன்பது வயசு. அவங்களுக்குப் போட்ட சோறு இன்னும் ஞாபகம் இருக்கு.

ஒரே அரசியல் சட்டம், ஒரே நாடாளுமன்றம், ஒரே உச்ச நீதிமன்றம். இத்தனையும் இருந்தும் ஒரு ஆத்துத் தண்ணிக்கு இந்தப் பாடு. கிட்டத்தட்ட இருநூறு நாட்டுக்கும் சேத்து ஒரு அரசு வெச்சா அது சொல்ற தீர்ப்பை யார் கேப்பாங்க? கேக்கலைன்னா என்ன பண்ணும்? படை அனுப்புமா? அதுவும் போர்தானே?

---

செவ்வாய்ப்பேட்டை வக்கீல் | ஞாயிறு, காலை 9.30

காவிரிக்கரை கேட்டதற்கு வாத்தியார் பதில் சொல்லட்டும். எனக்குச் சட்டத்தரப்பிலிருந்து ஒன்று தோன்றுகிறது: கர்நாடகத்துக்கும் நமக்கும் நடுவே எல்லையில் பீரங்கி நிற்கவில்லை. முப்பது வருஷம் ஆனாலும் இரண்டு பக்கமும் வக்காலத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். இதைக் குறைவாக மதிக்கக் கூடாது.

நான் எழுத வந்தது வேறு. உலகக் கூட்டாட்சி என்பது வெள்ளைக்காரர்கள் கண்ட கனவு மட்டும் கிடையாது. 1942 ஆகஸ்ட் 8, பம்பாய். ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்தை முழுதாகப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? சுதந்திர நாடுகளின் உலகக் கூட்டாட்சி இல்லாமல் வருங்கால அமைதி கிடையாது, சுதந்திர இந்தியா அதில் மகிழ்ச்சியோடு சேரும் என்று அந்தத் தீர்மானத்திலேயே இருக்கிறது. அதற்காகச் சிறை போனவர்களின் வாரிசுகள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அந்தப் பத்தி மட்டும் யாருக்கும் நினைவில் இல்லை.

இன்னொன்று, நம் ஊர் சம்பந்தப்பட்டது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. சாக்கடையும் குடிநீரும் கவனித்த அதே மனிதர், 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னார். அடுத்த மாதமே கியூபா ஏவுகணை நெருக்கடி. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வானத்திலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் சோதனையைத் தடை செய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. ராஜாஜியால்தான் என்று சொல்ல மாட்டேன். அவருடைய அரசியல் பலதோடு எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் உலக விவகாரம் பேச நமக்கு என்ன தகுதி என்று தயங்காத ஒருவர் இந்த ஊர்க் கோர்ட்டில் வக்கீலாக இருந்தார் என்பது எனக்குப் பெருமை.

---

ஓமலூர் 99 | ஞாயிறு, காலை 11.05

அண்ணா, அய்யா எல்லாருக்கும் வணக்கம். நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன். ‘ஜனநாயக’ உலக அரசு என்கிற சொல்லில்தான் எனக்குச் சிக்கல்.

ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் மக்கள்தொகைப்படி இடம். அப்போது இந்தியாவும் சீனாவும் சேர்ந்தாலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடும். நமக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தொகுதி மறுவரையறை என்றவுடன் தமிழ்நாட்டில் நாம் ஏன் பயப்படுகிறோம்? 1971 கணக்கெடுப்பை வைத்து இடங்களின் எண்ணிக்கையை 1976இல் நிறுத்தினார்கள், 2001இல் அந்த நிறுத்தத்தை மறுபடி நீட்டினார்கள். நமக்கு மக்களவையில் 39, உத்தரப் பிரதேசத்துக்கு 80. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குத் தண்டனையா என்று நாமே கேட்கிறோம். டெல்லியில் நம் குரல் சிறுத்துப்போகும் என்று பயப்படுகிற நாம், உலகத்துக்கு அதே கணக்கைக் கேட்கலாமா? மாலத்தீவுக்காரன் என்ன செய்வான்?

---

அடிவாரம் வாத்தியார் | ஞாயிறு, மதியம் 2.20

தம்பி ஓமலூர், அருமையான கேள்வி. இதில் முழுத் தீர்வு என் கையில் இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 1979 முதல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். இப்போது 720 இடம். எட்டு கோடிக்கு மேல் மக்கள் உள்ள ஜெர்மனிக்கு 96. ஐந்தரை லட்சம் பேர் உள்ள மால்டாவுக்கு 6. தலைக்கணக்குப்படி பார்த்தால் மால்டாவுக்கு ஒன்றுகூட வராது. பெரியவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது, சின்னவர் காணாமல் போகாமல் இருப்பது என்று பேசி முடித்தார்கள். 1945க்கு முன் இதே நாடுகள் ஒன்றையொன்று அடித்துச் சாம்பலாக்கியவை. தொகுதிச் சண்டையை நாடாளுமன்றத்துக்குள் போடுகிற நிலைமைக்கு வந்தாலே பெரிய விஷயம் என்று டேவிஸ் காலத்து ஆட்கள் சொன்னார்கள். அது எனக்கு ஒப்புதல்.

காவிரிக்கரை தம்பி, உங்கள் சித்தப்பா குடும்பம் இறங்கிய அதே வருஷம் என் வகுப்பிலும் பெங்களூரிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதனால் உங்கள் கேள்வியைத் தள்ளிவிட என்னால் முடியாது. உலகக் கூட்டாட்சிக்காரர்கள் சொன்ன பதிலைச் சொல்கிறேன்: ஐ.நா. தண்டிக்கத் தெரிந்தது நாட்டை. பொருளாதாரத் தடை போட்டால் மருந்து கிடைக்காமல் சாவது அந்த நாட்டுக் குழந்தை. கூட்டாட்சியில் சட்டம் ஆளைத் தொடும். பஸ்ஸை எரித்தவன் மேல்தான் வழக்கு, கர்நாடகத்தின் மேல் இல்லை. 2002 முதல் ஹேக் நகரில் இயங்கும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அந்த வழியில் வந்த ஒரு படி. இந்தியா அதில் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை.

---

நீலகிரிப் பிறப்பு | ஞாயிறு, மாலை 4.00

சின்னத் தகவல். கேரி டேவிஸுக்கும் நம் மலைகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாராயண குருவின் சீடர் நடராஜ குரு, டாக்டர் பல்புவின் மகன், ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் குருகுலம் நிறுவியவர், பாரிஸ் சொர்போனில் டாக்டர் பட்டம் பெற்றவர். அமெரிக்கா திரும்பும் கப்பலில் டேவிஸ் அவரைச் சந்தித்தார். அதன்பின் அவரையே குருவாகக் கொண்டார். 1956இல் இந்தியா வந்து அவரிடம் தங்கினார். நடராஜ குரு உலக அரசு பற்றி ஒரு நீண்ட அறிக்கையே எழுதிக் கொடுத்தார். என் அப்பா ஃபெர்ன்ஹில் பக்கம் தபால் கொடுத்தவர். குருகுலத்துக்கு வெளிநாட்டுக் கடிதம் நிறைய வரும் என்று சொல்லுவார். மனிதருக்கு ஒரு ஜாதி என்ற நாராயண குருவின் சொல்லையும் உலகக் குடிமகன் என்ற சொல்லையும் ஒரே மூச்சில் படித்த ஒரு வெள்ளைக்கார இளைஞரை நினைத்துப் பார்க்கிறேன்.

---

நாகலூர் காப்பி | ஞாயிறு, இரவு 9.45

இந்தக் குழுவில் நான் எழுதுவது இதுதான் முதல் முறை. படிப்பதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. வாத்தியார் அய்யா, நீங்கள் போட்ட தேதிதான் காரணம்.

நவம்பர் 19, 1948. அன்றைக்கு அந்த மனிதர் பாரிஸில் எழுந்து நின்றார் என்கிறீர்கள். அதற்கு நாலு நாள் முன்னால், நவம்பர் 15, 1948, இலங்கையில் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வீட்டில் அந்தத் தேதி எல்லோருக்கும் தெரியும். எங்கள் தாத்தா சொல்லிச் சொல்லித் தெரியும்.

தாத்தாவின் அப்பா ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பஞ்சத்தில், ஆள் சேர்க்க வந்த கங்காணி பேச்சைக் கேட்டு இலங்கையின் கண்டிச் சீமைக்குப் போனவர். தாத்தா அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டார். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் ஜெயித்தார்கள், தோட்டத்து ஜனம் போட்ட ஓட்டு. அடுத்த வருஷமே அந்தச் சட்டம். அப்பா இங்கே பிறந்ததற்கு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு எங்கே காகிதம்? சுமார் ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த வருஷம் இன்னொரு சட்டம் போட்டு ஓட்டையும் எடுத்தார்கள்.

தாத்தா எதையும் தூக்கி எறியவில்லை. எந்தத் தூதரகத்துக்கும் போய் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவில்லை. காலையில் கொழுந்து பறிக்கப் போனார், சாயங்காலம் வந்தார், அவ்வளவுதான். அதற்குள் அவருக்கு நாடு இல்லை.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பின்னால் பேசலாம் என்று. 1974இல் அந்த ஒன்றரை லட்சத்தை எழுபத்தைந்து எழுபத்தைந்தாயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் யாரையும் கேட்கவில்லை. தாத்தா சொல்லுவார்: “சரக்குக்குக்கூட எங்க போறோம்னு மேல எழுதி ஒட்டுவாங்க, எங்களுக்கு அதுவும் இல்ல.” எங்கள் தாத்தாவுக்கு இந்தியா விழுந்தது. அவருடைய தம்பிக்கு இலங்கை. 1976இல் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். தம்பி கரையில் நின்றார். அதன்பின் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

இங்கே வந்து சொந்த ஊர் என்று ஆத்தூருக்குப் போனால் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. சிலோன்காரன் என்றார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். தெரிந்த வேலை மலைத்தோட்டம்தான் என்று ஏற்காட்டுக்கு ஏறிவிட்டார். தேயிலையை விட்டுக் காப்பி. நான் நாகலூரில் பிறந்தேன். 1947க்கு அப்புறம் அவர் போட்ட அடுத்த ஓட்டு 1980இல், ஏற்காட்டில். முப்பத்து மூன்று வருஷம். விரலில் மை வைத்ததும் அதைக் கழுவாமல் வைத்திருந்தார் என்று பாட்டி சொல்லும்.

அதனால் டேவிஸைப் பற்றிப் படித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இருக்கிறவன் எறிகிறான், இல்லாதவன் ஏங்குகிறான் என்று. இரண்டாவது முறை படித்தபோது வேறு மாதிரித் தோன்றியது. எறிந்தவுடன் அவரை எங்கேயும் படுக்க விடவில்லை பாருங்கள், படிக்கட்டிலிருந்துகூடத் தூக்கினார்கள். எங்கள் தாத்தா யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்றை அந்த மனிதர் உலகத்துக்கு முன்னால் தன் உடம்பில் காட்டியிருக்கிறார். மனுஷன் அப்படியே இருக்கிறான், காகிதம் மட்டும்தான் போனது, உடனே நிற்க இடமில்லை.

---

காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 10.10

அம்மா, படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எழுதினதுக்கு நன்றிங்க. நிறைய எழுதுங்க.

---

செவ்வாய்ப்பேட்டை வக்கீல் | திங்கள், காலை 7.20

நாகலூர் சகோதரிக்கு: நீங்கள் சொன்ன தேதியோடு இன்னொரு தேதியைச் சேர்க்கிறேன். அதே ஷையோ மாளிகையில், டேவிஸை இழுத்துப் போன மூன்றே வாரத்தில், 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 15ஆம் பிரிவு: ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டுரிமை உண்டு, அதை யாரும் மனம்போன போக்கில் பறிக்கக் கூடாது. 13ஆம் பிரிவு: எந்த நாட்டை விட்டும் வெளியேற, தன் நாட்டுக்குத் திரும்ப உரிமை உண்டு. டேவிஸின் உலக பாஸ்போர்ட் இந்த 13ஐத்தான் சட்ட ஆதாரமாகச் சொல்கிறது. பிரகடனம் பிறந்தபோது உங்கள் தாத்தா நாடற்றவராகி 25 நாள். போய் முறையிட உலகத்தில் ஒரு கோர்ட் இல்லை. சட்டம் படித்தவனாக எனக்கு இது உறுத்துகிறது. உரிமையை எழுதினார்கள், அதைக் கேட்டு வாங்கும் கதவை வைக்கவில்லை.

---

முகாம் பிள்ளை | திங்கள், மதியம் 1.15

நான் இந்த மாவட்டத்தில் ஒரு மறுவாழ்வு முகாமில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் 1990இல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். இடம் சொல்லவில்லை, மன்னியுங்கள்.

நாகலூர் அக்கா எழுதியது எனக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1987 ஜூலை 1க்கு முன்னால் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியக் குடியுரிமை. முகாமில் வாழ்ந்த ஒரு பெண் அந்தத் தேதியைக் காட்டி உயர் நீதிமன்றம் வரை போய்ப் பாஸ்போர்ட் வாங்கி 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். எங்கள் முகாமே அன்றைக்குச் சந்தோஷப்பட்டது. நான் பிறந்தது 1996. பேச்சு சேலத்துப் பேச்சு, படிப்பு சேலத்துப் படிப்பு, ஆனால் அந்த விண்ணப்பத்தில் ‘பிறப்பால்’ என்பதை நான் தட்ட முடியாது.

இருந்தும் நான் உலக அரசுக்கு எதிர். காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் அப்பா அம்மா உயிர் தப்பியது எப்படி? கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாடு இருந்தது. வேறு கொடி, வேறு போலீஸ். முழு உலகமும் ஒரே அரசாகி அந்த அரசே எங்களை அடிக்க நினைத்தால், எந்தக் கடலைத் தாண்டுவது? இலங்கையும் ஜனநாயகம்தான். தேர்தல் நடத்தித்தான் எல்லாவற்றையும் செய்தார்கள். அக்காவின் தாத்தாவிடம் இருந்து குடியுரிமையை எடுத்ததும் ஓட்டெடுப்பில் ஜெயித்த நாடாளுமன்றம்தான்.

---

அடிவாரம் வாத்தியார் | திங்கள், இரவு 8.40

காலையிலிருந்து இதற்கு எழுதி எழுதி அழிக்கிறேன்.

முகாம் பிள்ளை, தம்பி, நீங்கள் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. ஓடிப்போக ஒரு கரை வேண்டும். அது இல்லாத உலகம் எனக்கும் பயம். ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுதத் தொடங்கியபோது என் மனதில் இருந்தது டேவிஸ் என்ற வீரரின் கதை. நீங்களும் நாகலூர் அம்மாவும் எழுதிய பிறகு நான் கேட்பதையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

‘உலக அரசு’ என்று ஒரே சொல்லாகச் சொல்லும்போது படை, வரி, போலீஸ் எல்லாம் ஒரு கைக்குப் போகிற மாதிரி இருக்கிறது. அதில் எனக்கு இப்போது அவசரமில்லை. பூங்குன்றனாரைப் படித்து வளர்ந்தவன் என்பதால் எல்லா ஊரும் என் ஊர் என்பதில் எளிதாக உருகிவிடுகிறேன். அந்த உருக்கத்தால் ஒரு குடும்பத்துக்குக்கூட காகிதம் கிடைக்காது. எனக்கு வேண்டியது வக்கீல் அய்யா சொன்ன கதவு. ஒரு ஆள், நாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தன்னை நசுக்குகிற அரசின் மேல் வழக்குப் போட ஒரு கோர்ட். அப்படி ஒன்று இருக்கிறது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். 46 நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டவை. அந்த நாடுகளின் ஆளுகைக்குள் இருக்கிற எவரும், குடிமகனாக இல்லாவிட்டாலும், நாடற்றவராக இருந்தாலும், அங்கே போகலாம். அங்கேயும் தாமதம் உண்டு, தீர்ப்பை மதிக்காத அரசுகள் உண்டு. ஆனாலும் கதவு இருக்கிறது. ஆசியாவில் அப்படி ஒன்று கிடையாது. ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்கக் கண்டங்களுக்கும்கூட மனித உரிமை நீதிமன்றங்கள் இருக்கின்றன. நமக்கு இல்லை.

டேவிஸ் கடைசிவரை முழு உலக அரசைத்தான் கேட்டார். 1986இல் வாஷிங்டன் மேயர் தேர்தலில் உலகக் குடிமகனாக நின்றார், அறுநூறு ஓட்டுக்கும் குறைவாகத்தான் விழுந்தது. 1977இல் அமெரிக்கா திரும்பியபோது அவர் பிறந்த நாடே அவரை அந்நியர் என்றது, நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அத்தனைக்குப் பிறகும் அவர் மனம் மாறவில்லை. அவர் கேட்டதில் பாதியைத்தான் நான் கேட்கிறேன் என்று அவரிடம் சொன்னால் வருத்தப்பட்டிருப்பார்.

---

ஓமலூர் 99 | திங்கள், இரவு 9.05

முகாம் அண்ணா, நீங்கள் சொன்ன ‘ஜெயித்த நாடாளுமன்றமே பறித்தது’ என்ற வரியை என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். தேர்வுக்காக இல்லை. தொகுதி எண்ணிக்கையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டேன், எந்தப் பெரும்பான்மையும் தொடக் கூடாதது எது என்று முதலில் எழுதி வைக்க வேண்டும் என்று இப்போதுதான் படுகிறது.

---

முகாம் பிள்ளை | செவ்வாய், காலை 6.30

வாத்தியார் அய்யா, நேராகப் பதில் சொன்னதற்கு நன்றி. ஒன்று கேட்க வேண்டும். அந்த உலக பாஸ்போர்ட்டை இப்போதும் பணம் கட்டினால் தருகிறார்களாமே. எங்கள் முகாமில் ஒரு பையன் நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு, அதை வாங்கினால் வெளிநாடு போகலாமா என்று கேட்கிறான். அவன் அம்மா காதில் இருப்பதைக் கழற்றத் தயாராக இருக்கிறார்கள்.

---

அடிவாரம் வாத்தியார் | செவ்வாய், காலை 6.55

தம்பி, உடனே அந்தப் பையனிடம் சொல்லுங்கள்: வேண்டாம். பயணத்துக்காக அதை வாங்கவே வேண்டாம். எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழி உட்பட ஏழு மொழியில் அச்சடித்த அழகான புத்தகம் அது. எங்கோ சில அதிகாரிகள் சில சமயம் முத்திரை குத்தியிருக்கிறார்கள். அதை நம்பி விமான நிலையம் போனால் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். 2016இல் யாசின் பே என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகரையே கேப் டவுன் விமான நிலையத்தில் அதைக் காட்டியதற்காகக் கைது செய்தார்கள். அவருக்கு வக்கீல்கள் இருந்தார்கள், சொந்த நாடு ஒன்று பின்னால் இருந்தது. நம் பையனுக்கு இரண்டும் இல்லை. முகாமில் பதிவான ஆள் அனுமதியில்லாமல் வேற்றுக் காகிதத்தோடு பிடிபட்டால் இருக்கிற இடமும் போகும்.

டேவிஸ் மேல் எனக்குள்ள மதிப்புக்கு இதில் குறைவில்லை. ஆனால் ஒரு தாயின் தோடு போகக் கூடாது.

---

செவ்வாய்ப்பேட்டை வக்கீல் | செவ்வாய், காலை 7.40

வாத்தியார் சொன்னதுதான் சரி. அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் என் அலுவலகத்துக்கு அனுப்புங்கள் தம்பி, காசு வேண்டாம். அப்பா, அம்மா, தாத்தா யார் எங்கே பிறந்தார்கள், 1964 ஒப்பந்தப்படி யாராவது இந்தியாவுக்கு விண்ணப்பித்தார்களா என்று பார்க்க வேண்டும். இலங்கையின் மலையகத்திலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து, வடக்கே போய், அங்கிருந்து இங்கே அகதியாக வந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய வழக்கு வேறு மாதிரி. பழைய காகிதம் எதுவானாலும், கிழிந்திருந்தாலும், கொண்டுவரச் சொல்லுங்கள்.

---

நாகலூர் காப்பி | செவ்வாய், இரவு 8.15

வக்கீல் அய்யா, எங்கள் தாத்தாவின் காகிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. கப்பலில் வந்தபோது கொடுத்த குடும்ப அட்டையும் அதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் என்னென்ன கொடுத்தார்கள், எதில் எந்த அலுவலக முத்திரை என்று பார்க்க உதவுமானால் கொண்டுவருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இறங்கினால் எட்டரைக்குள் சேலம் வந்துவிடுவேன். முகாம் தம்பி, நீங்களும் வாருங்கள். அம்மாவிடம் பழைய பெயர்களை எல்லாம், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்பது வரை, கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

---

முகாம் பிள்ளை | செவ்வாய், இரவு 9.00

வருகிறேன் அக்கா. அந்தப் பையனின் அம்மம்மா மலையகத்தில் ஹட்டன் பக்கம் பிறந்தவர் என்று இப்போதுதான் சொன்னார்கள். எழுதிக்கொண்டிருக்கிறோம்.